கையைக் காட்டுங்க

என் கிளினிக் இருக்கும் தெருவில் யாரும் டாக்டருக்குக் கை கொடுப்பதில்லை. கும்பிடுவார்கள். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே இரண்டு கையும் சேர்ந்துவிடும். இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய பாடப்புத்தகங்கள் நோயாளியிடம் கை குலுக்குவதிலிருந்து பரிசோதனையைத் தொடங்கச் சொல்லும். பிடியில் பலம் இருக்கிறதா, கை சூடா சில்லிப்பா, வேர்த்திருக்கிறதா, பிடித்த பிடியை விடத் தாமதமாகிறதா என்று அந்த ஒரு குலுக்கலிலேயே நாலு சேதி கிடைத்துவிடும் என்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லையே என்று மாணவனாக இருந்தபோது நினைத்ததுண்டு. அப்புறம்தான் தெரிந்தது, கும்பிடும் ஒன்றும் குறைந்ததில்லை.

இருபது வருடமாகச் சர்க்கரை இருக்கிற ஒருவர் கும்பிடும்போது கவனித்துப் பாருங்கள். சிலருக்கு விரல்கள் ஒன்றோடொன்று படியாது. எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் ஒரு சந்து நிற்கும். பக்தி குறைச்சலால் இல்லை. விரல் மூட்டுகளைச் சுற்றியிருக்கும் தோலும் நாரும் சர்க்கரையால் விறைத்துப்போய், விரலை முழுசாக நிமிர்த்த முடிவதில்லை. வலி இருக்காது என்பதால் அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். கையில் இது இருந்தால் கண்ணிலும் சிறுநீரகத்திலும் சர்க்கரை வேலையைக் காட்டத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் அவர் உட்காருவதற்கு முன்பே கண் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும் என்று மனசுக்குள் முடிவாகிவிடும். சொன்னால், "வந்த உடனே எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆச்சரியப்படுவார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும், மறைப்பானேன்.

நம் ஊரில் 'கை பார்ப்பது' என்றால் வேறு அர்த்தம் என்பது இதில் ஒரு சிக்கல். மாம்பழ மண்டியில் மூட்டை தூக்கும் பையன் ஒருவன் இருமலுக்கு வந்தான். கையை வாங்கிப் பார்த்தால் பத்து நகத்திலும் ஒரே மட்டத்தில் குறுக்கே ஒரு பள்ளம். பல்லாங்குழிப் பலகையைக் கை தடவுகிற மாதிரி நகத்தின் மேல் விரலை ஓட்டினால் தட்டுப்பட்டது. உடம்பு பெரிதாக நோயில் விழும்போது நகம் வளர்வது சில நாள் தடைப்படும். பிழைத்து எழுந்ததும் மறுபடி வளரும். அந்தத் தடைதான் பள்ளமாக நிற்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பியூ 1846-லேயே இதை எழுதிவைத்தார். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். நகத்தின் அடித்தோலிலிருந்து பள்ளம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, உள்ளே மறைந்திருக்கும் வேருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் நாள் கணக்கு வந்துவிடும்.

"ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி பெரிய காய்ச்சலா படுத்தியாப்பா?"

"டெங்கு சார். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தேன். யார் சார் சொன்னா?"

கையைப் புரட்டி உள்ளங்கையை மேலே காட்டி, "அப்படியே கல்யாணம் எப்பன்னும் பாத்துச் சொல்லிடுங்க சார்" என்றான்.

நாடி விஷயமும் இப்படித்தான். சித்த வைத்தியத்தில் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை பார்ப்பது வழக்கம். மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துச் சொல்வார்கள். இப்போதும் வயதான அம்மாக்கள் சொல்லாமலேயே இடது கையைத்தான் நீட்டுகிறார்கள். நான் வாங்கிக்கொண்டு இன்னொரு கையையும் கேட்பேன். இரண்டு பக்கமும் நாடி ஒரே பலத்தில் ஒரே நேரத்தில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். "ரெண்டு கையும் எதுக்குச் சாமி?" என்பார்கள். காரணம் சொல்வதைவிட, "சும்மா குடுங்கம்மா" என்றால் வேலை சுலபமாக நடக்கும்.

கை பார்க்க ஒரு முறை இருக்கிறது. கடைசி வருடத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் அந்த வரிசையை மாற்ற விடவே மாட்டார். முதலில் தலையணையைக் கொண்டுவா. கை இரண்டையும் அதன்மேல் வை. தொடுவதற்கு முன்னால் "எங்கயாவது வலிக்குதா?" என்று கேள், வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொடு. புறங்கை, நகம், விரல் மூட்டு, உள்ளங்கை, சதை, அப்புறம் நாடி. சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடச் சொல், கை மணிக்கட்டோடு முடிவதில்லை. கடைசியில் ஒரு பொத்தானைப் போடச் சொல், மேஜையிலிருந்து ஒரு நாணயத்தை எடுக்கச் சொல். கடைசி இரண்டை நாங்கள் அவசரத்தில் விட்டுவிடுவோம். அவர் கோபப்படுவதும் அங்கேதான். மூட்டு எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அளந்துவிட்டு, அந்தக் கையால் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று கேட்காமல் வருகிறவன் எதைப் பார்த்தான் என்பார்.

எந்த மூட்டு என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நகத்துக்குப் பக்கத்து மூட்டில் கரும்புக் கணு மாதிரி முடிச்சு விழுந்தால் பெரும்பாலும் வயதுத் தேய்மானம். என் அம்மாவுக்கு இருக்கிறது. கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பல வருடமாகிறது. முடக்குவாதம் பொதுவாக அந்தக் கடைசி மூட்டை விட்டுவிட்டு நடு மூட்டையும் விரல் தொடங்கும் முட்டியையும் பிடிக்கும், இரண்டு கையிலும் சேர்ந்து. காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் கை மடங்கவில்லை, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு அம்மா சொன்னால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நகம் இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்களே இப்போது செய்யலாம். இரண்டு ஆட்காட்டி விரலையும் மடக்கி நகத்தோடு நகம் ஒட்டுங்கள். நகத்தின் அடியில் வைரக்கல் வடிவில் ஒரு சின்ன ஓட்டை தெரிய வேண்டும். விரல்நுனி மேளக் குச்சி மாதிரி பருத்துவிட்டவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டிருக்கும். நுரையீரலில் நாள்பட்ட சீழ், புற்றுநோய், இதயத்தின் சில கோளாறுகள் என்று அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் பெரிய நோய்கள். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத், தன் இதயத்தின் உட்சவ்விலேயே கிருமி தொற்றியபோது தன் விரல்களில் இதைக் கண்டு 1976-ல் எழுதினார். வியாதியில் கிடந்துகொண்டு நகத்தைப் பார்க்கிறவரை என்ன சொல்வது! வெறும் ஆஸ்துமாவில் விரல் இப்படி ஆவதில்லை. பீடி குடிக்கும் ஒருவர் பல மாதமாக ஆஸ்துமா மருந்து உறிஞ்சிக்கொண்டிருந்து, விரல்நுனி பருத்திருந்தால், அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். சேலத்தில் கை பார்ப்பதற்கு மேலே ஒரு கஷ்டம் இருக்கிறது. இது கைவேலைக்காரர்களின் ஊர். அம்மாபேட்டையில் தறி, செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு, மலைக்குப் போனால் காபித் தோட்டம். கை சும்மா வருவதில்லை. காய்ப்பு, தழும்பு, கறை, தீக்காயம் என்று தொழில் எழுதிய எழுத்தோடுதான் வரும். அதன்மேல் நோய் தன் எழுத்தை எழுதினால் எது எதுவென்று பிரித்துப் படிப்பது லேசில்லை. நோயாளியும் எல்லாவற்றையும் வேலையின் கணக்கில்தான் எழுதுவார். டாக்டரும் தலையாட்டிவிடுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு முகாமுக்குப் போவதுண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், தை மாதத்துக் காலையில் விரல் நீலம் பாரிக்கும் குளிர். அங்கே நகத்தின் நிறத்தை நம்பினால் பாதிப்பேருக்கு இதய நோய் என்று எழுத வேண்டிவரும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் சில்லிட்ட விரலில் ஒழுங்காகக் காட்டாது. நாக்கைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

காபிப் பழம் பறிக்கிற பருவம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் ஊன்றிய செடி. இன்றைக்கும் பறிப்பது கையால்தான். வரிசையில் வந்த ஒரு அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், மலையாளி இனத்தவர். கேரளத்து மலையாளி இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். விரலெல்லாம் பழத்தின் கறை. நகத்திலும் உள்ளங்கையிலும் பொங்கலுக்கு வைத்த மருதாணி. கை ரேகையின் வெளுப்பைப் பார்த்து ரத்தசோகையை ஊகிப்போம், இங்கே ரேகையே சிவப்பு. நகம் வெளுத்திருக்கிறதா என்றால் அதுவும் சிவப்பு. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், காகிதமாக இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது நகத்தின் வடிவத்தைப் பற்றி.

ஆட்காட்டி விரல் நகம் நடுவில் குழிந்து ஓரம் மேலே தூக்கியிருப்பது போலத் தெரிந்தது. குழிதானா, கறை காட்டும் மாயமா? தண்ணீர் பாட்டிலின் மூடியிலிருந்து ஒரு சொட்டை நகத்தின்மேல் விட்டேன். நல்ல நகத்தில் தண்ணீர் நிற்காது, முதுகு வளைந்திருப்பதால் ஓரத்தில் வழிந்துவிடும். இங்கே சொட்டு உருண்டு நடுவில் போய் நின்றது. கையை லேசாகச் சாய்த்தேன், அப்போதும் நின்றது. அவர் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "மந்திரிக்கறீங்களா சாமி?" என்றார்.

இரும்புச்சத்து ரொம்ப நாளாகக் குறைந்தால் நகம் கரண்டியாகக் குழியும். கீழே வந்து எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஆறரை. 12-க்கு மேல் இருக்க வேண்டும். மாதவிலக்கில் அதிகம் போவது ஒரு காரணம். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும் காலில் ஏறி, குடலில் போய் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இன்னொரு காரணம். பூச்சி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தோம். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. காபித் தோட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது. நகம் நிமிர ஆறு மாதமாவது ஆகும், புது நகம் அடியிலிருந்து வளர்ந்து வர வேண்டுமே.

மருதாணியையும் கறையையும் தாண்டிப் பார்த்துவிட்டேன் என்று இங்கே பெருமை பேசுகிறவன்தான், 2016-ல் கண்ணுக்கு நேராக இருந்ததைத் தவறவிட்டான்.

கொலுசுப் பட்டறைக்காரர் அவர். முப்பத்தெட்டு வயது. வலது சுண்டுவிரலில் ஒரு கொப்புளத்தோடு வந்தார். "பத்த வைக்கும்போது பட்டுடுச்சு சார்." வெள்ளிக் கண்ணிகளைக் கோர்த்துப் பொடி வைத்து நெருப்பு ஊதிப் பற்றவைக்கும் வேலை, சுடாமல் இருந்தால்தான் அதிசயம். டெட்டனஸ் ஊசி போட்டு, தீக்காயத்துக்குத் தடவும் களிம்பு எழுதிக் கொடுத்தேன். அதில் வெள்ளி கலந்திருக்கிறது என்று சொன்னதும், "வெள்ளி சுட்டதுக்கு வெள்ளியே மருந்தா சார்!" என்று சிரித்தார். மூன்று வாரம் கழித்து மோதிரவிரல் ஓரத்தில் இன்னொரு புண். கவனமாக வேலை செய்யக் கூடாதா என்று கொஞ்சம் கடிந்துகொண்டு அதே களிம்பு. அதற்கும் இரண்டு மாதம் கழித்து மறுபடி சுண்டுவிரல், இந்தத் தடவை ஆழம். மூன்று தடவையும் நான் பார்த்தது புண்ணை. கையைப் பார்க்கவில்லை. தலையணையும் கிடையாது, வரிசையும் கிடையாது, இடது கையை நீட்டச் சொல்லவும் இல்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

காப்பாற்றியது டீ. அன்றைக்கு எனக்கு வந்த டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. கட்டுப் போட்டு முடித்திருந்தேன், அவருக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னேன். நான் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, பொறுக்க முடியாமல் மேஜையிலேயே வைத்துவிட்டேன். அவரும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் விளிம்பைத்தான் பிடித்திருந்தார். ஆனால் மோதிரவிரலின் வெளிப்பக்கம் டம்ளரின் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பேசிக்கொண்டே இருந்தார். விரல் அங்கேயே இருந்தது.

"சுடலையா?"

"எது சார்?" குனிந்து பார்த்துவிட்டுத்தான் விரலை எடுத்தார். "அது அப்படித்தான் சார், பட்டறைக் கை. மரத்துப்போச்சு."

"சுண்டுவிரல் சுட்டப்போ வலிச்சுதா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கருகின வாடை வந்துது சார். அப்பதான் பாத்தேன்."

கண்ணை மூடச் சொன்னேன். பால்பாயிண்ட் பேனாவின் முனையால் லேசாகத் தொட்டேன், தொட்ட இடத்தை மறுகை விரலால் காட்ட வேண்டும். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் எல்லாம் பிசகாமல் காட்டினார். மோதிரவிரலில் நடுவிரல் பக்கத்துப் பாதியைத் தொட்டேன், காட்டினார். அதே விரலின் மறுபாதியைத் தொட்டேன். காத்திருந்தார். சுண்டுவிரலில் நாலு இடம் தொட்டேன். "ஆரம்பிச்சுட்டீங்களா சார்?" என்றார்.

காய்ப்பு விழுந்த கை தடித்துப்போகும், சொரசொரக்கும். வேலைக்குப் படும் இடத்திலெல்லாம் படும். ஆனால் எந்தத் தொழிலும் ஒரு விரலை நீளவாட்டில் வகுந்து ஒரு பாதியை மட்டும் மரக்கச் செய்யாது. மோதிரவிரலில் இரண்டு நரம்பின் எல்லை சந்திக்கிறது; சுண்டுவிரல் பக்கத்துப் பாதி, முழங்கைக்குப் பின்னால் ஓடி வரும் அல்நார் நரம்புக்குச் சொந்தம். கதவு நிலையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று ஏறுமே, அதே நரம்பு. மருந்துச் சீட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தேன். இடது கை விடவில்லை. வலது கையில் சீட்டு நழுவும்போது கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கி மடங்கிச் சமாளித்தது. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழியாக இருந்தது. மூன்று தடவை அந்தக் குழிக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் களிம்பு தடவியிருக்கிறேன். சட்டையைச் சுருட்டச் சொல்லி முழங்கையைத் தடவினால், நரம்பு பென்சில் பருமனுக்கு உருண்டது. மேலே கையில் ஒரு வெளிறிய தேமல், தொட்டால் தெரியவில்லை.

'உணர்ச்சியற்ற தேமல்' என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். 2005 கடைசியில் இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே இறங்கிவிட்டதாக அறிவித்தார்கள். அதன்பின் நிறைய டாக்டர்களின் மனசிலிருந்தும் அது இறங்கிவிட்டது, என் மனசு உட்பட. கிருமி மெதுவாகப் பெருகும். தொற்றி நோய் தெரியச் சராசரியாக 5 வருடம், சில சமயம் 20 வருடம்கூட ஆகலாம். மருந்து அரசாங்கத்தில் இலவசம். அவருக்குத் தேவைப்பட்டது 12 மாதம், மூன்று மருந்து. நரம்பின் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு தனியாக. நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் பலம் திரும்ப வாய்ப்பு அதிகம். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று மாதத்தை நான் களிம்பு தடவிச் செலவழித்திருந்தேன்.

அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் கவலை இல்லை. "பட்டறையில தெரிஞ்சா சோறு போச்சு சார். வீட்ல…" என்று நிறுத்தினார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அப்போது சட்டத்திலேயே தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது, 2019-ல்தான் அதை நீக்கினார்கள். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும் என்று சொன்னேன். மனைவியை நானே கூப்பிட்டுப் பேசினேன். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "விரல் உழுந்துருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

விரல் தானாக விழுவதில்லை. 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் கைகளை வருடக்கணக்கில் கவனித்து நிறுவியது அதுதான். சதை அழுகி உதிர்வதாக ஊர் நம்பியது. உண்மையில் வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டு, புண் கவனிக்கப்படாமல்தான் விரல் தேய்ந்து போகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்போம். இவர்களுக்குக் கண்ணாடி வேண்டாம், கண் வேண்டும். தினமும் ராத்திரி வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது, சுடுகிற பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடாமல் இருப்பது. முதல் ஒரு வருடம் அந்த அம்மாதான் பார்த்தார் என்று பிறகு சொன்னார்.

பிடிப்பு ஓரளவு திரும்பியது. சுண்டுவிரலில் உணர்ச்சி திரும்பவில்லை. பற்றவைக்கும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மெருகு முடிந்த கொலுசை எடை போட்டுக் கட்டும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

போன மாதம் பட்டறையிலிருந்து ஒரு இளைஞனை இழுத்துக்கொண்டு வந்தார். "சார், இவனுக்கும் கை மரத்துப்போச்சுங்கறான். நானே டம்ளர் வச்சுப் பாத்துட்டேன். சுடுதாம். பேனா வச்சும் பாத்தேன்."

"எந்த விரல்?"

இளைஞன் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றையும் காட்டினான். ராத்திரியில்தான் அதிகம், எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகிறது என்றான். நாள் முழுக்கக் குறடு பிடிக்கும் கை. இது மணிக்கட்டுக்குள் நசுங்கும் வேறொரு நரம்பு. இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து விரல்களைக் கீழே தொங்கவிடச் சொன்னேன், கும்பிட்ட கையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே கொலுசுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளையும் அதேபோல் வைத்துக்கொண்டார். நாற்பதாவது நொடியில் இளைஞன் கையை உதறினான்.

கொலுசுக்காரர் இன்னும் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல சார்," என்றார், "இது நல்லதா கெட்டதா?"